விவசாய மருந்துக் கடையில் நிற்பவருக்கு வயல் தெரிந்திருக்க வேண்டுமா?

வாசகர் ஒருவரின் கேள்வி — 2023 ஒக்டோபர் 8

செங்கலடிப் பக்கம் விவசாய மருந்துக் கடையொன்று தொடங்க இருக்கிறேன். இடம் பார்த்தாயிற்று. சரக்குத் தருவதற்கு நிறுவனப் பிரதிநிதிகளும் உடன்பட்டுவிட்டார்கள். ஆள் வைப்பதில்தான் தயக்கம். விவசாயம் படித்த ஒருவரை வைத்தால் சம்பளம் இரட்டிப்பாகும் போலிருக்கிறது. உயர்தரம் எழுதிவிட்டு நிற்கும் தம்பி ஒருவரை வைத்தால் என்ன? வருகிறவர்கள் பெரும்பாலும் பழைய போத்தலைக் கொண்டுவந்து காட்டி, இதில் ஒன்று தாருங்கள் என்றுதான் கேட்கிறார்கள். தங்களுக்கு வேண்டியது என்னவென்று அவர்களுக்கே தெரியும்போது, எடுத்துக் கொடுப்பவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?

என் பதில் — 2023 ஒக்டோபர் 8, இரவு

படித்தவரை வையுங்கள், அது முடியாவிட்டால், படிக்க விருப்பமுள்ள ஒருவரை வைத்து நீங்களே படிப்பியுங்கள். எடுத்துக் கொடுக்க மட்டும் ஒருவரை நிறுத்துவதானால் இந்த வியாபாரத்துக்கு வராமல் இருப்பதே நல்லது.

நான் இளவயதில் கல்முனையில் ஒரு விவசாய மருந்துக் கடையில் வேலை செய்தவன். இப்போது மண்டூர்ப் பக்கம் வயல் செய்கிறேன். மேசையின் இரு பக்கங்களிலும் நின்றவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

பழைய போத்தலைக் கொண்டுவருகிறவர் போன போகத்தில் தமக்குக் கைகொடுத்தது எது என்பதைத்தான் காட்டுகிறார். இந்தப் போகம் அவருடைய வயலில் நிற்பது எந்தப் புல், அது எத்தனை இலையில் நிற்கிறது, வரம்புக்குள் தண்ணீர் இருக்கிறதா என்பவற்றை அந்தப் போத்தல் சொல்லாது. இந்த மாதத்து நடப்பையே எடுத்துக்கொள்வோம். நம் மட்டக்களப்பு மாவட்டத்தில் மானாவாரிக் காணிகளில் மழையை எதிர்பார்த்துப் புழுதியில் விதைத்தவர்களும் இருக்கிறார்கள், குளத்துத் தண்ணீரை நம்பி முளைகட்டிய நெல்லைச் சேற்றில் விதைக்க இருப்பவர்களும் இருக்கிறார்கள். பிரட்டிலாகுளோர் என்ற களைநாசினி, பயிரைக் காக்கும் துணைப்பொருள் ஒன்றுடன் சேர்ந்து வருகிறது. சேற்று விதைப்பில், விதைத்த சில நாட்களுக்குள், புல் முளைக்குமுன் அடிப்பதற்கானது அது. துணைப்பொருளை உறிஞ்சிக்கொள்ள நெல் முன்னரே முளைத்து வேர்விட்டிருக்க வேண்டும். முளைகட்டாத நெல்லைப் புழுதியில் விதைத்தவருக்கு அதே போத்தலைக் கொடுத்தால், புல்லோடு நெல்லும் வாங்கிக் கட்டிக்கொள்ளும். ஆகவே போத்தலை எடுக்குமுன் “புழுதியா, சேறா?” என்று கேட்க வேண்டும். கேட்பதற்கு ஒரு நொடி போதும், ஆனால் கேட்கத் தெரிந்தவர்தான் கேட்பார்.

2023 ஒக்டோபர் 9

நேற்று எழுத விட்டுப்போனது: சட்டமும் இதைத்தான் எதிர்பார்க்கிறது. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைநாசினிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், விற்குமிடத்துக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வைத்திருக்கும் ஒருவர் விற்பனையில் இருக்கவும் வேண்டும். பேராதனையிலுள்ள பீடைநாசினிகள் பதிவாளர் அலுவலகம் இதற்குப் பொறுப்பாக இருக்கிறது.

சான்றிதழ் சட்டகமிட்டுச் சுவரில் தொங்க, அதில் பெயருள்ளவர் வேறு ஊரில் வேறு தொழில் பார்க்கும் கடைகளை நான் கண்டிருக்கிறேன். அப்படிச் செய்துவிடாதீர்கள். அனுமதிப்பத்திரத்துக்காக ஒரு பெயர், மேசைக்கு இன்னொரு ஆள் என்று பிரித்த நாளிலேயே அந்தச் சான்றிதழ் வெறும் தாளாகிவிடுகிறது.

2023 ஒக்டோபர் 11

வாழைச்சேனை நண்பர் ஒருவர், “லேபலில் மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறது, வாசித்துவிட்டு அடித்தால் சரிதானே” என்கிறார். வாசிக்கக் கூடியவர் வாசிக்கட்டும், அதைவிட நல்ல பழக்கம் வேறில்லை. ஆனால் நூறு மில்லிப் போத்தலில் மூன்று மொழியும் சேர்ந்தால் எழுத்து எறும்பளவுக்குச் சுருங்கிவிடுகிறது. நாற்பது வயதைக் கடந்த கமக்காரரிடம் வயல் வரம்பில் மூக்குக்கண்ணாடி இருக்காது.

லேபலை வாசித்தும் தவறாக விளங்கிக்கொள்ளும் இடங்கள் உண்டு. போத்தலின் அடியில் ஓடும் நிறப்பட்டையை மருந்தின் பலம் என்று எண்ணுகிறவர்கள் பலர். பச்சைப் பட்டை என்றால் மெலிந்த மருந்து, வேறு நிறமாகப் பார்த்துத் தா என்று கேட்பார்கள். அந்தப் பட்டை மனிதருக்கு அது எவ்வளவு நஞ்சு என்பதைக் காட்டுகிறது. பூச்சியை எவ்வளவு கொல்லும், புல்லை எவ்வளவு கருக்கும் என்பதோடு அதற்குச் சம்பந்தமில்லை. இதை ஒருமுறை பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தால், பச்சைப் பட்டையை அவர் அதன்பின் தயங்காமல் வாங்குவார்.

அடுத்தது, தெளிக்கும் தாங்கிக்கு மருந்தை மூடியால் அளந்து ஊற்றும் மூடிக் கணக்கு. “தாங்கிக்கு ரெண்டு மூடி ஊத்துங்க” என்று சொல்லிக் கொடுத்துவிடுவது எல்லாக் கடைகளிலும் நடப்பது. எல்லா மூடிகளும் ஒரே அளவு அல்ல. ஏக்கருக்கு இவ்வளவு என்றுதான் லேபல் சொல்கிறது. தாங்கிக்கு எவ்வளவு என்பது அவர் ஏக்கருக்கு எத்தனை தாங்கி அடிக்கிறார் என்பதைப் பொறுத்தது. உதாரணமாக, ஏக்கருக்கு 400 மில்லி போக வேண்டிய மருந்தை 16 லீற்றர்த் தாங்கியால் எட்டுத் தாங்கி அடிப்பவர், தாங்கிக்கு 50 மில்லி ஊற்ற வேண்டும். கூலியாளை அனுப்பி அவசரமாக ஐந்து தாங்கியில் முடிப்பவருக்கு அதே 50 மில்லியைச் சொன்னால் ஏக்கருக்கு 250 மில்லிதான் விழும். புல் சாகாது, மருந்து போலி என்று சொல்லிக்கொண்டு அவர் உங்கள் கடைக்கு வருவார். “நீங்க ஏக்கருக்கு எத்தன தாங்கி அடிக்கிற?” என்று முதலிலேயே கேட்டிருந்தால் அந்தச் சச்சரவே வந்திருக்காது.

2023 ஒக்டோபர் 15

கடையில் நிற்பவரின் அறிவுக்கு என்ன பெறுமதி என்று கேட்பவர்களுக்கு, நான் வேலைசெய்த கடையில் பார்த்த ஒன்றை எழுதுகிறேன்.

முதலாளியை எல்லோரும் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஒரு மாரிப் போகத்தில் சம்மாந்துறைப் பக்கமிருந்து ஒரு போடியார் (பெரிய வயற்காணிக்காரர்) பொலித்தீன் பையில் நெல் இலைகளைக் கொண்டுவந்தார். இலைகளின் நுனியிலிருந்து இரு ஓரங்களும் அலையலையாக மஞ்சளித்து, வைக்கோல் நிறத்துக்குக் காய்ந்திருந்தன. எரிபந்தம் என்ற பங்கசு நோய் என்று எண்ணி வேறொரு கடையில் பங்கசுநாசினி வாங்கி அடித்திருக்கிறார். குணமில்லை. “இதவிடப் பலமானது ஒண்டு தா காக்கா” என்று கேட்டார்.

காக்கா மருந்துத் தட்டின் பக்கம் திரும்பவேயில்லை. “யூரியா எப்ப போட்ட நீங்க?” என்று கேட்டார். பிறகு என்னை அனுப்பித் தேநீர்க் கிளாஸ் ஒன்றை நன்றாகக் கழுவி, தெளிந்த தண்ணீர் நிரப்பிக் கொண்டுவரச் சொன்னார். ஓர் இலையை எடுத்து, பச்சையும் மஞ்சளும் சந்திக்கும் இடத்தில் பிளேடால் நறுக்கி, நறுக்கிய முனை தண்ணீரில் முங்கும்படி பிடித்துக்கொண்டு, கிளாஸை வாசல் வெளிச்சத்துக்கு நேரே உயர்த்தினார். நாங்கள் மூவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். சற்று நேரத்தில் நறுக்கிய விளிம்பிலிருந்து பால் போன்ற மெல்லிய இழையொன்று கீழ்நோக்கி இறங்கத் தொடங்கியது. சில நிமிடங்களில் தண்ணீரே லேசாக மங்கிவிட்டது.

“இது பங்கசு இல்ல போடியார், பக்டீரியா. நான் தார மருந்து ஒண்டும் இதுக்குக் கேக்காது. தண்ணிய வடிங்க, யூரியாவ நிப்பாட்டுங்க. இந்த வயல் நெல்ல அடுத்த போகம் விதைக்கு எடுக்காதீங்க.”

போடியார் கையில் பணத்தோடு வந்து, கையில் பணத்தோடே திரும்பிப் போனார்.

அந்தச் சோதனையைச் செய்ய ஆய்வுகூடம் தேவையில்லை. பக்டீரியா இலை வெளிறல் நோயைப் பங்கசு நோய்களிலிருந்து பிரித்தறிய உலகெங்கும் நெல் விவசாயத்தில் பயன்படுத்தும் முறை அது. ஆனால் தெரிந்த ஒருவர் அங்கு நின்றிருக்காவிட்டால், அன்று அந்த மேசையில் விலைகூடிய பங்கசுநாசினி ஒன்று விற்பனையாகியிருக்கும். மருந்து போன அளவுக்கு அவருடைய நட்டமும் கூடியிருக்கும்.

2023 ஒக்டோபர் 16

“ஒன்றும் விற்காமல் அனுப்பினால் கடை எப்படி ஓடும்” என்று கேள்வி வந்திருக்கிறது. நியாயமான கேள்வி. அந்தப் போடியாருக்கு இருந்த காணி கொஞ்சமல்ல. அடுத்த போகத்துக்கு விதைநெல் எடுக்கவும் காக்காவிடமே வந்தார், பொட்டாஷ் எடுக்கவும் வந்தார். தம்முடைய வட்டையில் (வயல்வெளியில்) கமம் செய்கிற உறவுக்காரரையும் கூட்டிவந்தார். அந்தக் காலத்தில் கடைக்கு விளம்பரப் பலகைகூட ஒழுங்காக இல்லை, ஆனால் விதைப்புக் காலத்தில் மேசையோரம் நிற்க இடமிருக்காது.

2023 ஒக்டோபர் 17

விதைநெல் பற்றிச் சொன்னதால் ஒரு சிறு சேர்ப்பு. நம் நெல்லினப் பெயர்களிலேயே பாதித் தகவல் இருக்கிறது. பி.ஜி. என்றால் பத்தலகொட, ஏ.ரி. என்றால் அம்பலாந்தோட்டை, பி.டபிள்யூ. என்றால் பொம்புவெல ஆராய்ச்சி நிலையம். பெரும்பாலான இனங்களில் எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் வயதை ஏறத்தாழச் சொல்லிவிடும்: பி.ஜி. 250 இரண்டரை மாதம், பி.ஜி. 300 மூன்று மாதம், பி.ஜி. 358 உம் ஏ.ரி. 362 உம் மூன்றரை மாதம், பி.ஜி. 403 நான்கு மாதம். குளத்தில் தண்ணீர் எதுவரை கிடைக்கும் என்று கமக்காரரின் போக ஆரம்பக் கூட்டத்தில் முடிவான பின், பிந்தி விதைப்பவர் ஒருவர் நான்கு மாத இனத்தைக் கேட்டால், “தண்ணி காணுமா?” என்று மறுத்துக் கேட்கும் அறிவு மேசையில் நிற்பவருக்கு இருக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம், ஆனால் கற்றுக்கொடுக்கும் முதலாளிகளைத்தான் காணவில்லை.

2023 ஒக்டோபர் 24

களுதாவளையிலிருந்து ஒருவர் தம் மிளகாய்க் கன்றுகளின் குருத்து முறுகி, இலை நாடாவைப் போல ஒடுங்கியிருப்பதாகவும், வைரஸ் என்று சொல்லிக் கடையில் பூச்சிமருந்து கொடுத்ததாகவும் எழுதியிருக்கிறார். படம் அனுப்பியிருந்தார். அவரிடம் நான் கேட்டது ஒன்றுதான்: தெளிதாங்கி யாருடையது? மைத்துனருடைய வயலில் புல்லுக்கு அடித்துவிட்டுக் கொண்டுவந்ததாம்.

எம்.சி.பி.ஏ. என்ற களைநாசினி நெல்லுக்குள் நிற்கும் கோரையையும் அகன்ற இலைக் களைகளையும் அடிப்பதற்கானது. மிளகாயும் தக்காளியும் கத்தரியும் அகன்ற இலைப் பயிர்கள். தாங்கியின் அடியிலும் குழாயிலும் தங்கும் மிச்சமே அவற்றின் குருத்தை முறுக்கிவிடப் போதும். வைரஸாகவும் இருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் தோட்டத்தில் எல்லாக் கன்றும் ஒரே நாளில் ஒரே விதமாக முறுகினால் முதலில் தாங்கியைத்தான் சந்தேகிக்க வேண்டும். வயலும் தோட்டமும் அருகருகே இருக்கிற நம் கரையோர ஊர்களில் எம்.சி.பி.ஏ. விற்பவர், “இந்தத் தாங்கியால தோட்டத்துக்கும் அடிப்பீங்களா?” என்று கேட்காமல் போத்தலைக் கொடுக்கக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. எம்.சி.பி.ஏ. நெற்சப்பி என்ற புல்லைக் கொல்லாது. புல்லினக் களை நிறைந்த வயலுக்கு அதைக் கொடுத்தால், கோரை செத்த இடத்தையும் சேர்த்து நெற்சப்பி பிடித்துக்கொள்ளும். களை என்று பொதுவாகச் சொல்லி வருகிறவரிடம், ஒரு பிடி பிடுங்கிக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

2023 நவம்பர் 2

இவ்வளவும் எழுதிய பிறகு ஓர் எண்ணம் உறுத்திக்கொண்டிருக்கிறது. கடையில் நிற்பவரின் அறிவைப் பற்றியே பேசுகிறோம். வாங்குகிறவருக்குத் தெரிவு இருக்கிறதா?

எங்கள் பக்கத்தில் பலர் விதைப்புக்கு உரமும் மருந்தும் கடனுக்கு எடுத்து, அறுவடையில் நெல்லாகவோ பணமாகவோ தீர்க்கிறார்கள். கடன் இருக்கும் கடையை விட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போக அவர்களால் முடியாது. கடனுக்குக் கொடுக்கும்போது, எது தேங்கிக் கிடக்கிறதோ அதைத் தள்ளிவிடுவது எளிது. அப்படி ஒரு கடையில், காலாவதித் திகதியை அண்மித்த பூச்சிமருந்துகளை ஒரு தொகுதியாகக் கட்டி, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து அடிக்கச் சொல்லிக் கொடுத்ததை என் அயல் வயல்காரர் கொண்டுவந்து காட்டினார். அந்தக் கடையில் இருந்தவர் ஒன்றும் தெரியாதவரல்லர், எல்லாம் தெரிந்துகொண்டே கொடுத்திருக்கிறார்.

ஆகவே முன்பு எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்கிறேன்: தெரிந்த ஆளை வைப்பதோடு, தெரிந்ததைச் சொல்ல அவரை விடவும் வேண்டும். “இது வேண்டாம் ஐயா” என்று சொல்லும் ஊழியரை ஏசுகிற முதலாளியிடம் எந்தப் பட்டதாரியும் ஆறு மாதத்தில் வாயை மூடிக்கொள்வார்.

2023 நவம்பர் 5

“அந்தக் காலம் வேறு, இப்போது எல்லோருக்கும் எல்லாம் தெரியும்” என்ற கருத்துக்கு என் பதில், 2021.

அந்த மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீங்கியபோது மாரி விதைப்பு நடந்துகொண்டிருந்தது. இடைப்பட்ட மாதங்களில் கடைத் தட்டுகள் கூட்டெருவாலும் திரவ உரப் போத்தல்களாலும் நிறைந்தன. இந்தியாவிலிருந்து நனோ நைதரசன் திரவமும் வந்தது. ஒரு மூடை யூரியாவுக்குப் பதிலாக எத்தனை போத்தல் என்பதே வட்டையெங்கும் கேள்வியாக இருந்தது. தலைமுறை தலைமுறையாக வயல் செய்தவர்களுக்கும் அதற்கு விடை தெரியவில்லை, தெரிந்திருக்க வழியுமில்லை. கணக்கு ஒன்றும் கடினமானதல்ல. யூரியாவில் நைதரசன் 46 வீதம். ஆகவே 50 கிலோ மூடையில் 23 கிலோ நைதரசன். போத்தலின் லேபலில் நைதரசன் எத்தனை வீதம் என்று பார்த்து, போத்தலின் அளவால் பெருக்கினால், அந்த 23 கிலோவுக்கு எதிரே கிலோவில் வருகிறதா கிராமில் வருகிறதா என்று உடனே தெரிந்துவிடும். இதைச் சொல்லிக்கொடுத்து, இலையில் தெளிக்கும் துணையுரமாக மட்டும் பாவியுங்கள் என்று எச்சரித்த கடைக்காரர்கள் இருந்தார்கள். ஒரு மூடைக்கு ஒரு போத்தல் சமம் என்று நம்பவைத்து விற்றவர்களும் இருந்தார்கள்.

கிளைபோசேற்று என்ற களைநாசினியின் கதையும் இப்படித்தான். 2015 இல் தடை, 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் விலக்கு, 2022 இல் தடை நீக்கம். இடைப்பட்ட ஆண்டுகளில் லேபலில்லாத போத்தல்கள் கைமாறின. அவற்றுக்குள் என்ன இருந்தது என்று விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. விதி மாறும் நாளில்தான் தெரிந்த ஆள் மேசையில் அதிகம் தேவைப்படுகிறார்.

2023 நவம்பர் 12

கைபேசியில் படம் அனுப்பிக் கேட்கலாம், விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைக்கலாம், கமநல சேவைகள் நிலையத்தில் விவசாயப் போதனாசிரியர் இருக்கிறார். பிறகெதற்குக் கடைக்காரரின் ஆலோசனை என்று வந்தாறுமூலையில் படிக்கும் தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். மூன்றையும் நான் பயன்படுத்துகிறேன், மற்றவர்களும் பயன்படுத்த வேண்டும். ஆனால் போதனாசிரியருக்கு உரிய கிராமங்கள் பல. நெல்லின் சாற்றை உறிஞ்சும் அறக்கொட்டிப் பூச்சி இறங்கிவிட்டால் கமக்காரர் முதலில் ஓடுவது கடைக்குத்தான். ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருப்பது கடைதான். கேட்டுவிட்டு உடனே ஏதாவது ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போகும் இடமும் அதுவே. அதனால் மற்றவர்கள் சொல்லும் ஆலோசனையெல்லாம் கடைசியில் கடை மேசையில்தான் சரியாகவோ பிழையாகவோ முடிகிறது.

தம்பி, நீங்கள் விவசாய பீடத்தில் படித்து வெளியே வரும்போது அரசாங்க நியமனத்துக்குக் காத்திருக்கும் காலத்தில் இப்படியொரு கடையில் இரண்டு போகம் நின்று பாருங்கள். உங்களிடம் இலைகளைக் கொண்டுவந்து காட்டப் போகிறவர்களின் எண்ணிக்கையை எந்தப் பரிசோதனைத் திடலும் தராது.

2023 நவம்பர் 19

அறக்கொட்டி என்று எழுதியதும் பலர் அதையே கேட்கிறார்கள். இரண்டு கேள்விகளுக்கு மட்டும் பதில்.

முதலாவது: “மலிவான பைரித்ரோயிட் மருந்து அடித்தேன், முதலில் குறைந்தது, பிறகு முன்னரைவிட அதிகமாகிவிட்டது.” அது எதிர்பார்க்க வேண்டியதே. அறக்கொட்டியைத் தின்னும் சிலந்தியும் மற்றப் பூச்சிகளும் அந்த மருந்தில் முதலில் அழிகின்றன. பிறகு மடலுக்குள் இட்ட முட்டைகளிலிருந்து வெளிவரும் குஞ்சுகளைத் தடுக்க எதுவும் இல்லாமல் போகிறது. இது நெல் ஆராய்ச்சியில் பல ஆண்டுகளாக நன்கு அறியப்பட்ட செய்தி. அப்படியிருந்தும் அந்தப் போத்தல் அறக்கொட்டிக்கென்று கொடுக்கப்படுவதற்கு, கொடுப்பவரின் அறியாமை ஒரு காரணம், விற்பனை இலக்கை எட்டினால் கிடைக்கும் கழிவு மற்றொரு காரணம்.

இரண்டாவது: “புப்ரோபெசின் அடித்தேன், அடுத்த நாள் போய்ப் பார்த்தால் பூச்சி அப்படியே இருக்கிறது, மருந்து போலி.” இல்லை. அது குஞ்சு தோலுரிக்கும்போது வேலைசெய்யும் மருந்து. வளர்ந்த பூச்சியை உடனே விழுத்தாது. பலன் தெரியச் சில நாட்கள் பிடிக்கும். இதைச் சொல்லாமல் விற்றால், அவர் மறுநாளே வேறு கடையில் வேறொன்றை வாங்கி மேலே அடித்துவிடுவார். இரண்டு மருந்துக்கும் செலவு, பலன் எதனால் வந்தது என்றும் தெரியாது. கொடுக்கும்போதே, “மறுநாள் பார்த்துப் பயப்படாதீங்க, பொறுத்துப் பாருங்க. தெளிக்கக்குள்ள தூருக்குப் படக்கூடியதா அடிங்க, இலைக்கு மேல அடிச்சுப் பிரயோசனமில்ல” என்று இரண்டு வாக்கியம் சொல்ல வேண்டும்.

2023 நவம்பர் 20

ஒருவர் திருத்தியிருக்கிறார்: “எல்லாப் பிரதிநிதிகளும் கழிவுக்காகப் பொய் சொல்வதில்லை.” உண்மை. வயலுக்கு நேரில் வந்து, தங்கள் நிறுவன மருந்து இதற்குத் தேவையில்லை என்று சொல்லிவிட்டுப் போன பிரதிநிதிகளை நானும் சந்தித்திருக்கிறேன். குறை கழிவு முறையில் இருக்கிறது. போத்தல் எண்ணிக்கைக்குப் பணம் கொடுத்தால் போத்தல்தான் நகரும்.

2023 டிசம்பர் 3

இதுவரை யாரும் எழுதாத ஒன்று. எழுதத் தயங்கினேன், ஆனால் கடை தொடங்குபவர் இதை அறியாமல் தொடங்கக் கூடாது.

1990களின் நடுப்பகுதியில் இலங்கையின் தற்கொலை வீதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று; அதில் பெரும்பங்கு பூச்சிமருந்தால் வந்தது. 1995 இல் கடும் நஞ்சுகள் சில நிறுத்தப்பட்டன; 1998 இல் எண்டோசல்பான், 2008 க்குப் பின் படிப்படியாகப் பரகுவாற்று, டைமெதோயேற்று, பென்தியன் ஆகியவை நிறுத்தப்பட்டன. வீதம் பெருமளவு இறங்கியது. நாட்டின் பீடைநாசினிக் கொள்கை காப்பாற்றிய உயிர்கள் அவை. மிச்சத்தைக் காப்பாற்றக்கூடிய இடங்களில் கடை மேசையும் ஒன்று.

வயலைப் பற்றி விசாரிக்கும் பழக்கமுள்ள விற்பனையாளர், பயிர் செய்யாத ஒருவர் வந்து நிற்பதை உடனே உணர்ந்துகொள்வார். எந்தப் பயிர், எத்தனை ஏக்கர், என்ன பூச்சி என்ற வழமையான கேள்விகளுக்கு விடையில்லாமல், முகம் சரியில்லாமல், அல்லது மது வாடையோடு நிற்பவருக்கு மருந்து கொடுக்கக் கூடாது. “சரக்கு முடிஞ்சுது, நாளைக்கு வாங்க” என்று சொல்லலாம். இருக்க வைத்து ஒரு தேநீர் கொடுத்துப் பேசலாம். தெரிந்தவர் என்றால் வீட்டாருக்குச் சொல்லி அனுப்பலாம். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை மேசையருகே எழுதி வைக்கலாம். அனுராதபுரப் பக்கம் கடைக்காரர்களுக்கு இதற்கென்றே பயிற்சி கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். எடுத்துக் கொடுக்க மட்டும் நிறுத்தப்பட்ட தம்பிக்கு இந்தக் கேள்விகளைக் கேட்கும் வழக்கமே இருக்காது. கேட்காமல் கொடுத்த ஒன்றை வாழ்நாள் முழுவதும் சுமப்பவரும் அவராகத்தான் இருப்பார்.

2023 டிசம்பர் 4

வலைக்கடை வைத்திருக்கும் நண்பர், “எங்கள் தொழிலிலும் இதே கதைதான்” என்கிறார். ஒப்புக்கொள்கிறேன். வாவிக்கா கடலுக்கா, எந்த மீனுக்கு எந்தக் கண்ணளவு, நூல் எத்தனை இழை என்று கேட்காமல் வலை விற்க முடியாது. தடைசெய்யப்பட்ட தங்கூசி (ஒற்றை நைலோன் இழை) வலையைக் கேட்பவருக்கு ஏன் இல்லை என்று விளக்கிச் சொல்லவும் தெரிய வேண்டும். வலையைப் பற்றி அவரே தனியாக எழுதினால் நன்றாயிருக்கும், எனக்குக் கடல் தெரியாது.

2023 டிசம்பர் 10

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். மட்டக்களப்பைச் சேர்ந்த, விவசாயத்தில் டிப்ளோமா முடித்த தங்கச்சி ஒருவரை எடுத்திருப்பதாகவும், பெண்பிள்ளையிடம் மருந்து கேட்க வயதானவர்கள் தயங்குவதாகவும், முதலில் எதைப் பழக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்.

தயக்கம் ஒரு போகத்துக்கு மேல் நிற்காது. கொண்டுவந்த இலையைப் பார்த்து அவர் சரியாகச் சொன்னதை இரண்டு பேர் வட்டையில் போய்ச் சொன்னால் போதும். அதுவரை நீங்கள் குறுக்கே விழுந்து பதில் சொல்லாதீர்கள். “தங்கச்சியிட்டக் கேளுங்க” என்று அவர் பக்கம் திருப்பிவிடுங்கள்.

டிப்ளோமாக்காரருக்கு நோயும் பூச்சியும் படமாகத் தெரியும். உங்கள் பக்கத்து வயல் தெரியாது. உறுகாமத்துத் தண்ணீர் எந்த வாய்க்காலுக்கு எப்போது வரும், எந்தக் கண்டம் புழுதி விதைப்பு, எங்கே உவர் ஏறும் என்பதை, வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை ஒருவரோடு அனுப்பிக் காட்டுங்கள். கடை முற்றத்தில் பழைய வாளிகளில் சேறு நிரப்பி நெற்சப்பி, கோரை இனங்கள், அகன்ற இலைக் களைகள் ஆகியவற்றை முளைக்க விட்டு, இரண்டு இலைப் பருவத்தில் ஒவ்வொன்றும் எப்படி இருக்கும் என்று பழகட்டும். மருந்து அடிக்க வேண்டிய பருவத்தில் அவையெல்லாம் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், முற்றிய பின் அடையாளம் கண்டு பயனில்லை. அளவுக் கிண்ணங்களை வாங்கி வைத்து, களைநாசினிப் போத்தலோடு ஒன்று சும்மா கொடுங்கள். மூடிக் கணக்கு தானாக ஒழியும்.

பற்றுச்சீட்டின் பின்புறத்தில் நான்கு விடயங்களை அவர் கையால் எழுதிக் கொடுக்கட்டும்: விதைத்த திகதி, மருந்தின் பெயர், தாங்கிக்கு எத்தனை மில்லி, அடிக்கும்போது வயலில் தண்ணீர் நிற்க வேண்டுமா வடிந்திருக்க வேண்டுமா என்பது. பிஸ்பைரிபக் சோடியம் போன்ற களைநாசினிகளுக்குத் தண்ணீரை வடித்து அடித்துவிட்டு, இரண்டு மூன்று நாளில் திரும்பக் கட்ட வேண்டும் என்பதைக் கூலிக்கு அடிக்கப் போகிறவர் அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் அறிந்துகொள்வார். சீட்டின் பிரதியைக் கடையிலும் வைத்திருங்கள். மருந்து கேட்கவில்லை என்று ஒருவர் வந்தால் அதை எடுத்து வைத்துக்கொண்டு பேசலாம்.

பதிவாளர் அலுவலகப் பயிற்சிக்கு அவருடைய பெயரிலேயே விண்ணப்பியுங்கள். விவரத்தைக் கமநல சேவைகள் நிலையத்தில் போதனாசிரியரிடம் கேட்டால் சொல்வார். சான்றிதழ் வந்ததும் சம்பளத்தையும் கூட்டுங்கள். கூட்டாவிட்டால் அடுத்த மாரிக்கு அவர் வேறு கடை மேசையில் நிற்பார், உங்கள் வாடிக்கையாளரும் அங்கேதான் நிற்பார்கள்.